முதல் சொட்டு அம்மாவுடையது

பன்னிரண்டே காலுக்கே வந்து நின்றிருக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பின் கடைசிப் பரீட்சை, சமூக அறிவியல், ஒன்றேகாலுக்குத்தான் மணி அடிக்கும் என்று மகள் நிரஞ்சனா காலையிலேயே சொல்லியிருந்தாள். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, காலண்டரைப் பார்த்துச் சொன்னாள். கோமதிநாயகம் பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்தார். சைக்கிள் பாரோடு சேர்த்துக் கட்டியிருந்த வால்வுச் சாவி, நாலடி நீள இரும்பு, தொட்டால் சுட்டது. ரோட்டோரக் குழிக்குள் அந்தச் சாவியை இறக்கித் திருகி, பாளையங்கோட்டையில் தெருத்தெருவாகக் குடிதண்ணீர் திறந்துவிடுகிற வேலை அவருக்கு. பத்தொன்பது வருஷம் ஆகிறது. மத்தியானம் பன்னிரண்டு மணி என்றால் ராஜம் நகர் மூன்றாம் குறுக்குத் தெருக் குழியருகே நிற்க வேண்டிய நேரம். இன்றைக்கு அங்கே பக்கத்து வார்டு சுடலை நிற்கிறார். பத்தொன்பது வருஷத்தில் மத்தியான முறைக்குப் போடும் முதல் அரை நாள் விடுப்பு இது. இல்லை, இரண்டாவது. முதலாவது ஐப்பசியில். ஆனால் அதை அரை நாள் என்று சொல்ல முடியுமா, தண்ணீரை அடைத்துவிட்டுத்தானே போனார். அவர் காக்கிச் சட்டையின் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மை பாட்டில் இருந்தது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. இருந்தும் ஒருமுறை விரலை விட்டு, ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். பாட்டில் இருப்பது நெஞ்சுப் பக்கம். சட்டை நனைந்துவிட்டால் வருகிற பிள்ளை முதலில் அதைத்தான் பார்க்கும், அப்பாவுக்கு இதுகூடத் தெரியவில்லை என்று நினைக்கும். தெரியவில்லைதான். இத்தனை வருஷம் இந்தக் கேட்டில் நடந்ததை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

கடைசிப் பரீட்சை அன்று மை தெளிப்பது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உள்ளதுதான். பிள்ளைகள் பேனாவை உதறி ஒருத்தர் முதுகில் ஒருத்தர் அடித்துக்கொள்வார்கள், அம்மாமார் வீட்டில் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவர் மனைவி வடிவு ஒருத்திதான் தானே பாட்டிலோடு கேட்டுக்கு வந்து நின்றவள். ஒன்றாம் வகுப்பில் ஆரம்பித்தது அது. பெரிய பிள்ளைகள் எல்லாரும் நீலமாகப் போக, தன்மேல் மட்டும் யாரும் ஒரு சொட்டுகூட விடவில்லை என்று நிரஞ்சனா வீடு வரைக்கும் அழுதுகொண்டு வந்திருக்கிறாள். வடிவு உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்து வந்து, "ஏட்டி, அழாத. திரும்பி நில்லு. அம்மையே ஊத்துதேன், எந்தப் பெரிய பிள்ளையும் வேண்டாம்" என்று முதுகில் ஊற்றியிருக்கிறாள். அவர் சாயங்காலம் வந்தபோது வாசலில் நீல முதுகோடு ஒரு குட்டி நின்றது. விளையாட்டுக்காக, சைக்கிளைச் சாய்த்துக்கொண்டே, "யம்மா, யார் வீட்டுப் பிள்ளைம்மா நீ?" என்று கேட்டார். குட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பெயரைச் சொல்லாமல், "நான் ரெண்டாங்கிளாஸ்" என்றது. "அப்படி ஒரு பிள்ளையை எனக்குத் தெரியாதே, எங்க வீட்ல இருக்கது ஒண்ணாங்கிளாஸ்லா" என்றார் அவர். வடிவு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு முருகம்மா எட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகு வருஷா வருஷம் கேட்டுக்கே வந்து அதேதான். முதல் சொட்டு அம்மாவுடையது. அது நடுமுதுகில், பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விழ வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றப் பிள்ளைகள் தெளிக்கலாம். அப்புறம் முக்குக் கடையில் சர்பத். அப்புறம் அப்பா வருகிறவரைக்கும் அந்தச் சட்டையைக் கழற்றக்கூடாது. அவர் கேட்க வேண்டியதைக் கேட்பார், அவள் அடுத்த வகுப்பைச் சொல்வாள், தெரியாதே என்று அவர் கையை விரிப்பார். மறுநாள் காலையில் கொடியில் அந்தச் சட்டை முன்னைவிட வெள்ளையாகத் தொங்கும். மைக்கறை எங்கே போயிற்று என்றே தெரியாது. வால்வுக் குழியருகே சுடலையிடம் அதைப் பற்றிப் பெருமை பேசியிருக்கிறார். "கறை எடுக்கணும்னா எங்க வீட்டுக்காரியைத்தான் கேக்கணும் வேய், அந்தக் கைக்கு எந்த மையும் நிக்காது." கை. கடைசியாக அந்தக் கையில் ஊசி குத்திய இடமெல்லாம் ஊதாவாக இருந்தது. அது போகவில்லை. அதைப் பற்றி இப்போது எதற்கு.

பை அதிர்ந்தது. போனில் சுடலைதான். "யோவ் நாயகம், உன் குழியில எத்தனை சுத்துய்யா?" என்றார். சுடலைக்குக் காது மந்தம், அதனால் ஊருக்கே கேட்கும்படி பேசுவார். "ஏழு சுத்து. ஏழுக்கு மேல போவாதீங்க, மேட்டுத் தெருவுக்கு ஏறாது." "எட்டா?" "ஏழு! ஏழு!" "சரி சரி, ஏன் கத்துதே. இங்க ஒரு அம்மா வந்து அஞ்சு நிமிஷம் லேட்டுன்னு என்னைப் பேசுதா. தினம் உன்னையும் இப்படித்தான் பேசுவாளா?" "பேசுவா. கண்டுக்கிடாதீங்க." "பிள்ளை வந்துட்டா?" "இன்னும் இல்ல." "நல்லபடியா கூட்டிட்டுப் போ. வேற ஒண்ணும் பேசாத இன்னைக்கு. உனக்குப் பேசத் தெரியாது." போன் நின்றுவிட்டது. பேசத் தெரியாதுதான். ஆனால் இன்றைக்குப் பேசியாக வேண்டும். நேற்று ராத்திரி கோயம்புத்தூரிலிருந்து பூரணம் மைனி, வடிவின் அக்கா, மறுபடியும் கூப்பிட்டாள். "தம்பி, பரீட்சை முடிஞ்சதும் அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க. இங்க பதினொண்ணுக்கு எடம் சொல்லி வெச்சிருக்கேன். நீங்க வால்வு வால்வுன்னு வெடியக்காலம் போயிருதிய, சாயங்காலம் வாரிய. வயசுப்பிள்ளை ஒத்தையில எத்தனை நாளு சுவரப் பாத்துட்டு இருக்கும்? நான் அவளைப் பிடுங்கிட்டுப் போறேன்னு நெனைக்காதிய. அவ வாரேன்னா அனுப்புங்க, இல்லன்னா இல்ல." நியாயமாகத்தான் பேசினாள். கேட்கிறேன் மைனி என்றார். எப்படிக் கேட்பது என்று காலையிலிருந்து நினைத்துப் பார்க்கிறார். பாப்பா, நீ பெரியம்மா வீட்டுக்குப் போறியா? இப்படிக் கேட்டால் போ என்பதுபோல் இருக்கிறது. பாப்பா, நீ போயிருவியா? இப்படிக் கேட்டால் போகாதே என்று கெஞ்சுவதுபோல் இருக்கிறது. நடுவில் ஒரு கேள்வி இருக்க வேண்டும், அது வாய்க்கு வரவில்லை. அதனால்தான் மை. முதலில் மை. வடிவு செய்ததை அப்படியே செய்துவிட்டால், முதுகில் முதல் சொட்டு, சர்பத், சாயங்காலம் அந்தக் கேள்வி, எல்லாம் முறைப்படி நடந்துவிட்டால், பிள்ளைக்கு இந்த வீடு இன்னும் இருக்கிறது என்று தெரியும். தெரிந்தால் அவளே இருக்கேன் என்று சொல்லிவிடுவாள். அவர் கேட்கவே வேண்டியிருக்காது.

நேற்று வீட்டில் அந்த மை பாட்டிலைத் தேடினார். வடிவு வைத்திருந்த பாட்டில் எங்காவது இருக்கும், பாதி மீதியாவது இருக்கும் என்று அடுப்படித் தட்டு, தையல் மெஷின் டிராயர், துவைக்கிற கல் பக்கத்து மாடம் எல்லாம் பார்த்தார். மாடத்தில் சோப்புத் தூள் இருந்தது, தேய்ந்த பிரஷ் இருந்தது, சொட்டு நீலம் இருந்தது, ஒரு பக்கம் உடைந்த கிளிப்புகள் இருந்தன. மை இல்லை. ஒரு மனுஷி போனால் எது எங்கே இருக்கிறது என்பதும் அவளோடு போய்விடுகிறது. காலையில் புத்தகக் கடையில் போய்க் கேட்டார். கடைக்காரர், "இப்ப யாரு அண்ணாச்சி மை வாங்குதா" என்றபடி தூசி தட்டி இரண்டு பாட்டில் எடுத்து வைத்தார். "இது தண்ணியில போயிரும். இது போகாது, பத்திரம் எழுதுகது. எது வேணும்?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லதே குடுங்க" என்றார். நல்லது என்றால் போகாதது. வடிவு மட்டமானதை வாங்கியிருக்க மாட்டாள். அவள் கைதான் கறையை எடுத்ததே தவிர மை லேசானதாக இருந்திருக்காது. இப்போது நினைத்தால் சின்னதாக ஒரு பயம் வந்தது. கறையை யார் எடுப்பது? பரவாயில்லை, பிரஷ் போட்டுத் தேய்த்தால் போகும், அவரே தேய்ப்பார். பிள்ளைக்கு இனி இந்த யூனிபாரம் வேண்டாமே, பத்து முடிந்துவிட்டதே. அந்த வெள்ளை டாப்பைக் காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்ததே அவர்தான். இரண்டு பக்கமும் பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக, எறும்பு போனதுபோல் இருந்தன. போன ஜூனில் வடிவு பக்கத் தையலைப் பிரித்து இடம் விட்டுத் தைத்தாள். "இன்னும் ஒரு வருஷம் ஓட்டிரலாம், பெறகு புதுப் பள்ளிக்கூடம், புது யூனிபாரம்" என்று நூலைப் பல்லால் கடித்தாள். இஸ்திரிப் பெட்டியை அந்தத் துளைகள்மேல் வைக்க அவருக்கு மனசு வரவில்லை, சுற்றி ஓட்டினார். அந்த இடம் மட்டும் சுருங்கியே போயிற்று. பிள்ளை பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஐப்பசியிலிருந்து அவள் எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை. அதற்காகக் கத்தினாலாவது பரவாயில்லை. ஏன்ப்பா உடனே வரலை என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

நாக்கு வறண்டிருந்தது. பன்னிரண்டே முக்கால். முக்குக் கடைக்குப் போனார், வடிவும் பிள்ளையும் என்ன சர்பத் குடிப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்று. அதைப் பிள்ளையிடம் கேட்க முடியாது. கடைக்காரர் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தார். "வருஷா வருஷம் பரீட்சை முடிஞ்சதும் ஒரு அம்மாவும் பொண்ணும் வருவாவ. பொண்ணு முதுகெல்லாம் நீலமா..." என்று கோமதிநாயகம் சொல்லி முடிக்கும் முன்பே, "அட, அந்தக்காவா!" என்றார் கடைக்காரர். "ரெண்டு பேருக்கும் நன்னாரி. அந்தக்கா அரைக் கிளாஸ் குடிச்சிட்டு மிச்சத்தைப் பிள்ளை கிளாஸ்ல ஊத்திருவா. ஒண்ணரை கிளாஸ் குடிக்கும் அந்தப் பிள்ளை. இன்னைக்குத்தானே கடைசிப் பரீட்சை, அக்கா வரலையா?" என்றார். "வரல" என்றார் கோமதிநாயகம். "நீங்க?" "அவ வீட்டுக்காரர்." "அப்ப இந்த வருஷம் உங்க முறையா? நல்லா மாட்டினிய" என்று கடைக்காரர் சிரித்தார். அவரும் சிரித்து வைத்தார். சிரித்துவிட்டுத் திரும்பி வேப்பமரத்துக்கு நடந்தார். உங்க முறை. முறை என்ற சொல்லில்தான் பத்தொன்பது வருஷமும் போயிருக்கிறது. திங்கள் வியாழன் மேட்டுத் தெரு, செவ்வாய் வெள்ளி ராஜம் நகர் முதல் குறுக்கு. முறை மாற்றி அவர் ஒரு நாளும் திறந்ததில்லை, சொந்தத் தெருவுக்குக்கூட. வளைகாப்புக்குத் தண்ணீர் இல்லை என்று வடிவு கேட்டபோதும் திறக்கவில்லை. தலையில் குடம் சுமந்து கொடுத்தார். அதைப் பார்த்து அவள், "உங்களுக்கு ஊர்த்தண்ணி வேற, வீட்டுத்தண்ணி வேற" என்று சொல்லிக் காண்பிப்பாள். ஐப்பசியில் அன்றைக்கும் முறைதான். வடிவுக்குக் காய்ச்சல் மூன்றாம் நாள். காலையில் எழுந்து கஞ்சி குடித்தாள், நல்லாத்தான் இருக்கேன், நீங்க போங்க என்றாள். பன்னிரண்டேகாலுக்கு, அம்மாவுக்காகப் பள்ளிக்கூடம் போகாமல் இருந்த பிள்ளையிடமிருந்து போன் வந்தது. "அப்பா, அம்மா எந்திரிக்க மாட்டேங்கா." அப்போதுதான் ஏழு சுற்றும் திறந்து முடித்திருந்தார். தெருவில் குடங்கள் வரிசையாக இருந்தன. "தண்ணி விட்டிருக்கேன் பாப்பா. இன்னும் அரை மணி நேரம். அடைச்சுட்டு உடனே வாரேன்." அரை மணி. அடைக்காமல் போனால் என்ன ஆகியிருக்கும்? தண்ணீர் ஓடியிருக்கும். ரோட்டில் ஓடியிருக்கும். நாலு பேர் திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால், என்று அவர் டாக்டரிடம் கேட்க ஆரம்பித்தார். டாக்டர் அவர் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். தொட்டதற்கு என்ன அர்த்தம்? ஆமாம் என்றா, இல்லை என்றா? ஆறு மாதமாக அந்தத் தோள் அவருக்குக் கனக்கிறது. அரை மணி என்று போனில் சொன்னது அவர். அதைக் கேட்டது பதினைந்து வயசுப் பிள்ளை. கேட்டுவிட்டு அந்த அரை மணியும் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை.

மணி அடித்தது. கேட்டருகே நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் முன்னால் நகர்ந்தார்கள். உள்ளே பி.டி. டீச்சர், "மை யாரு வெச்சிருந்தாலும் வெளிய போய் வெச்சுக்கோங்க, ஸ்கூலுக்குள்ள ஒரு சொட்டு விழுந்தாலும் டி.சி. கெடையாது!" என்று கத்திக்கொண்டிருந்தார். கேட்டைத் தாண்டிய நிமிஷத்தில் ஒரே கூச்சல். யூனிபாரத்தின் பச்சைக் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பேனாவை உதறிக்கொண்டு பிள்ளைகள் ஓடினார்கள். நிரஞ்சனா கடைசியில் வந்தாள். அவள் கோட்டைக் கழற்றவில்லை. யாரும் அவள்மேல் தெளிக்கவில்லை, அம்மா இல்லாத பிள்ளை என்று விட்டுவிட்டார்கள் போல. ஒருத்தி மட்டும் பேனாவை ஓங்கிவிட்டு, யாரென்று தெரிந்ததும் கையை இறக்கிக்கொண்டாள். அதைப் பார்த்ததும்தான் அவருக்கு வேகம் வந்தது. "பாப்பா!" அவள் நின்றாள். அவரைப் பார்த்தாள், அவர் பின்னால் சைக்கிளைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். "நீங்க எப்படிப்பா? தண்ணி?" "சுடலை பாக்காரு. பாப்பா, கோட்டைக் கழத்து. திரும்பி நில்லு." பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். அவள் முகத்தில் என்னவோ ஒன்று அசைந்தது, ஆறு மாதமாகக் காணாத ஒன்று. மெதுவாகக் கோட்டைக் கழற்றினாள், திரும்பி நின்றாள், பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். அந்தக் கழுத்து வடிவின் கழுத்து. மூடி திறக்கவில்லை. பல்லால் கடித்துத் திறந்தார். ஒரு சொட்டுத்தான் ஊற்ற நினைத்தார், பாதி பாட்டில் கொட்டிவிட்டது. கருநீலம் நடுமுதுகிலிருந்து விலாப்பக்கமாகச் சாய்ந்து இறங்கி, அந்த ஊசித் துளை வரிசையில் போய் நின்றது.

அவள் அசையாமல் நின்றாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று நினைத்தார், இல்லை, மோந்து பார்த்தாள். "அப்பா, இது மையா?" "ஆமா பாப்பா, மைதான். நல்ல மை." அவள் திரும்பி அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, மேலே எழுதியிருந்ததைப் படித்தாள். "அம்மா மை ஊத்த மாட்டாப்பா" என்றாள். குரலில் கோபம் இல்லை. "சொட்டு நீலம். மை பாட்டில்ல கரைச்சு எடுத்துட்டு வருவா. ஒரு அலசு அலசினாப் போயிரும், சட்டையும் வெள்ளையாயிரும். என் பிரண்ட்ஸுக்கும் பேனாவுல அதையே ஊத்திக் குடுப்பா. ஒங்க அப்பாகிட்டச் சொல்லாதட்டி, அவரு என் கைராசின்னு நெனைச்சிட்டு இருக்காருன்னு சொல்லுவா." இதைச் சொல்லும்போது அவள் உதடு சிரிக்கப் போனது, பாதியில் நின்றது. கையைப் பின்னால் வளைத்து முதுகைத் தொட்டாள். விரல் நீலமாக வந்தது. "போகாதுல்லா இது?" என்றாள். அவர் கையில் மூடி மட்டும் இருந்தது. "அம்மா தச்ச டாப்பு. பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது இத எடுத்துட்டுப் போகணும்னு வெச்சிருந்தேன்." அவர் கேட்க நினைத்த கேள்விக்கு, கேட்காமலே பதில் வந்துவிட்டது. அவள் சொல்லிவிட்டது அவளுக்கே அப்புறம்தான் உறைத்தது போல, தலையைக் குனிந்துகொண்டாள். சுற்றிலும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "சர்பத்?" என்றார் அவர். "வேண்டாம்ப்பா. உடனே நனைச்சுப் போட்டா கொஞ்சம் போகும். வீட்ல தண்ணி இருக்கா?" "இன்னைக்கு நம்ம தெருவுக்கு முறை இல்ல" என்றது அவர் வாய். அவர் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது. ஐப்பசியில் பேசியதும் அதே வாய்தான், அதே குரல்தான். பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு பார்வையில், அந்த அரை மணியும் அவள் என்ன செய்தாள் என்பது தெரிந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவளைப் பின்னால் உட்கார வைத்து, வெயிலில் ஒரே மிதியாக மிதித்தார். வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டுத் தெரு முக்கு வரை போனார். சாவியை அவிழ்த்துக் குழியில் இறக்கினார். நாலு சுற்று போதும் இந்தத் தெருவுக்கு. ஏழு சுற்றும் திறந்தார். குழாய்கள் இருமின, காற்றைத் துப்பின, பிறகு தண்ணீர் விழுகிற சத்தம் வீடு வீடாக ஏறியது. "ஏய், தண்ணி வருது! இன்னைக்கு நம்ம முறையே இல்லையே!" என்று முருகம்மா குடத்தோடு ஓடி வந்தாள். அவரைக் கண்டதும், "என்ன அண்ணாச்சி, உங்களுக்கா கிறுக்கு?" என்றாள். பை அதிர்ந்தது. மேட்டுத் தெருவில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று சுடலை கத்துவார். அவர் போனை எடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது நிரஞ்சனா வேறு உடை மாற்றிக்கொண்டு குழாயடியில் குந்தியிருந்தாள். தேய்ந்த பிரஷால் அந்த வெள்ளை டாப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் நீலத் தண்ணீர் ஓடியது. கருநீலம் வெளிறி முதுகு முழுக்கப் பரவியதே தவிர, துணியை விட்டு இறங்கவில்லை. அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். சாய்த்த சத்தத்துக்குப் பிள்ளையின் கை நின்றது. பழக்கம்தான். ஒன்பது வருஷமாக அந்தச் சத்தத்துக்கு அடுத்தது அந்தக் கேள்வி. அவள் திரும்பாமலே, "கேளுங்கப்பா" என்றாள். "யார் வீட்டுப் பிள்ளைம்மா நீ?" என்றார். "நான் பதினொண்ணாங்கிளாஸ்" என்றாள் அவள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. அதற்கு அவர் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அப்படி ஒரு பிள்ளையை எனக்குத் தெரியாதே. எல்லா வருஷமும் சொன்னதுதான், கையை விரித்துக்கொண்டு சொன்னதுதான். அவள் அதற்காகக் காத்திருந்தாள். அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அவள் கையிலிருந்து பிரஷை வாங்கி, ஊசித் துளைகள்மேல் படாமல் சுற்றித் தேய்க்க ஆரம்பித்தார். குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி இன்னும் அரை மணி நேரம் வரும் பாப்பா" என்றார்.